கடலில் விழுந்த துவக்கு

சுண்ணாம்புக் கம்பம், சிங்கப்பூர்
1915 மார்ச் 14

அன்புள்ள அண்ணாவுக்குத் தங்கச்சி கமலாம்பிகை எழுதுவது.

நாங்கள் மூன்று பேரும் உயிரோடும் கைகாலோடும் இருக்கிறோம். இந்த மாதம் இந்த ஊரில் சுகம் என்றால் அவ்வளவுதான். சிரம்பானில் நீங்களும் மச்சாளும் பிள்ளைகளும் எப்படி? அன்னம்மாவின் இருமல் விட்டதா?

சிப்பாய்கள் கலகம் செய்ததைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். சீன வருஷப் பிறப்புக்கு மறுநாள் தொடங்கிய வெடிச் சத்தத்தைப் பட்டாசு என்றுதான் நான் நினைத்தேன். பிறகு சனம் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்துக் கதவைப் பூட்டினவள், அரிசி முடியும்வரை திறக்கவில்லை. இவர் சாங்கியில் ரோட்டு ஓவர்சியர் வேலையில் நின்றார். சேறும் சகதியுமாக இவர் வந்து சேரும்வரை பிள்ளை மங்களம் என் சேலையை விடவில்லை.

இப்போது புதுத் தலைவலி. துவக்கு வைத்திருக்கிற ஒவ்வொருவரும் துவக்கையும் லைசென்சையும் பொலிசு ஸ்டேஷனில் காட்டிப் புதிதாகப் பதிய வேண்டும் என்று உத்தரவு. அப்பா என் சீதனத்தோடு கொடுத்த இரட்டைக் குழல் துவக்கு உங்களுக்கு மறந்திராது. மகன் இருக்க மருமகனுக்குக் கொடுத்தார் என்று நீங்கள் அப்பாவோடு ஒரு மாதம் கதைக்காமல் இருந்தீர்களே! சாங்கியில் பன்றியும் முதலையும் தொல்லை என்று இவர் தன் பெயரில் லைசென்சு எடுத்து வைத்திருந்தார். அலுமாரிக்குப் பின்னால் மூலையில் நிற்கும். உத்தரவு வந்த அன்று பார்க்கிறேன், மூலை வெறுமையாக இருக்கிறது.

இவர் லைசென்சை மட்டும் கொண்டுபோய், சம்பானில் போகும்போது துவக்கு கடலில் விழுந்துவிட்டது என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். இதை எனக்குச் சொன்னது பொலிசு, இவரல்ல. வீட்டுக்கு வந்த இன்ஸ்பெக்டர் துரை என்னிடம் புருஷன் பெயர் என்ன என்று கேட்டார். நான் எப்படிச் சொல்வது? வாயை மூடிக்கொண்டு நின்றேன். மறைக்கிறாள் என்று நினைத்து அவர் முகம் சிவந்துவிட்டது. கடைசியில் மங்களத்தின் சிலேட்டை எடுத்து எழுதிக் காட்டினேன். கூட வந்த துபாஷி சிரித்துவிட்டு, இந்தப் பெண்கள் வாயால் சொல்லமாட்டார்கள், எழுதினால் குற்றமில்லை என்று துரைக்கு விளக்கினார். துரை சிரிக்கவில்லை.

தைப்பூசத்துக்கு நீங்கள் வந்து நின்றபோது துவக்கு அந்த மூலையில் இருந்ததா? நீங்கள் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறவராயிற்றே. எனக்கு அந்தக் கிழமை முழுவதும் குசினியிலேயே போய்விட்டது.

மறுதபாலில் ஒரு வரி எழுதினால் நிம்மதியாக நித்திரை கொள்வேன்.

தங்கச்சி,
கமலம்

---

ரயில்வே குவார்ட்டர்ஸ், சிரம்பான்
1915 ஏப்ரல் 3

சௌபாக்கியவதி தங்கச்சி கமலாம்பிகைக்கு.

ஈசுவர கிருபையால் இவ்விடம் குறைவொன்றும் இல்லை. அன்னம்மாவுக்கு இருமல் நின்றுவிட்டது. அவளுக்குக் கோலாலம்பூரில் ஒரு சம்பந்தம் பேசுகிறோம். பையன் அரசாங்கக் கச்சேரியில் கிளார்க். நல்ல குடும்பம், ஆனால் எல்லாவற்றையும் விசாரிக்கிற குடும்பம். நமது வீட்டைப் பற்றி ஒரு சொல் பிழையாக வெளியே போனாலும் பின்வாங்கிவிடுவார்கள்.

யுத்தகாலம் ஆனபடியால் இப்போது எல்லாக் கடிதங்களையும் திறந்து பார்க்கிறார்கள். நீ எழுதியதும் திறந்து ஒட்டப்பட்டே வந்தது. ஆகவே அப்படிப்பட்ட சாமான்களைப் பற்றிக் கடிதத்தில் எழுதுவது புத்தியல்ல. நான் அரசாங்கச் சேவகன்.

உன் புருஷன் எப்படிப்பட்ட ஆட்களோடு பழகுகிறார் என்பதை நீதான் பார்க்க வேண்டும். பால் வண்டிக்கார அப்துல் காதர் உங்கள் வீட்டில் எந்நேரமும் உட்கார்ந்திருப்பதைக் கண்டேன். அவன் பட்டாளத்துக்குப் பால் ஊற்றினவன். நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. யோசித்துப் பார் என்றுதான் சொல்கிறேன்.

மங்களத்துக்கு அம்மானின் முத்தம்.

ஆசீர்வாதத்துடன்,
அண்ணன் நடராசா

---

சுண்ணாம்புக் கம்பம்
1915 ஏப்ரல் 16

அன்புள்ள அண்ணாவுக்கு.

சித்திரை வருஷம் உங்கள் வீட்டில் நன்றாகப் பிறந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே பாற்பொங்கல் பொங்கினேன், சாப்பிடத்தான் ஆளில்லை. மங்களம் சுகம். இவர் மெலிந்துவிட்டார்.

உங்கள் கடிதத்தையும் திறந்துதான் தந்தார்கள். ஒட்டுகிறவர் பசையை அள்ளிப் பூசியிருந்தார். அன்னம்மாவின் சம்பந்தப் பகுதியில் இரண்டு வரி தாளோடு கிழிந்து போய்விட்டது. யாரோ ஒரு தமிழ் தெரிந்த மனிதர் நம் வீட்டு இருமலையும் கலியாணத்தையும் வாசித்துக்கொண்டிருக்கிறார். அவருக்கும் பொழுது போக வேண்டும்தானே.

இவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். திங்களும் வியாழனும் ஸ்டேஷனில் போய்க் கையெழுத்து வைக்க வேண்டும். துவக்கு கடலில் இல்லை, ஓடிப்போன சிப்பாய்களின் கையில் போயிருக்கிறது என்று அவர்கள் நினைக்கிறார்கள். அது எங்கே என்று காட்டாவிட்டால் ஜெயில், அல்லது நாடு கடத்தல் என்று துபாஷி என்னிடம் மெல்லச் சொன்னார். அண்ணா, போன மாதம் ஊட்ரம் ஜெயில் சுவரோடு சிப்பாய்களை நிறுத்திச் சுட்டார்கள். சனம் திருவிழாப் பார்ப்பதுபோல் போய்ப் பார்த்தது. அன்றிலிருந்து வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டால் மங்களத்தை இழுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விடுகிறேன்.

நீங்கள் சொன்ன பிறகு அப்துல் காதரைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. அவரிடம் பால் வாங்குவதை நிறுத்திவிட்டேன். ஏனம்மா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

உங்கள் மேலதிகாரித் துரைக்கு இங்கே பெரிய இடத்தில் சிநேகிதர்கள் உண்டு என்று நீங்களே சொல்வீர்கள். உங்கள் மச்சான் நாணயமான மனிதர் என்று அவரிடம் ஒரு கடிதம் வாங்கி அனுப்ப முடியாதா? அத்தோடு நான் கேட்ட கேள்விக்கு நீங்கள் பதில் எழுதவில்லை. தைப்பூசத்தன்று அந்த மூலையில் இருந்ததா, இல்லையா?

கமலம்

---

சிரம்பான்
1915 மே 9

தங்கச்சிக்கு.

பிந்தி எழுதுவதற்குக் காரணம் வேலைப் பளு. இவ்விடம் யாவரும் நலம். பூரணத்துக்கு முழங்கால் வலி, எண்ணெய் போடுகிறாள்.

துரையிடம் கேட்பது இயலாத காரியம். இந்த நேரத்தில் துவக்கு என்ற சொல்லை எடுத்தாலே இந்தியனா, சிலோன்காரனா என்று பார்க்கமாட்டார்கள். எல்லோரையும் ஒரே தராசில் போடுகிறார்கள்.

ஒரு அண்ணன் சொல்லக் கூடாததைச் சொல்கிறேன். ஆண்பிள்ளைகள் வீட்டுக்குத் தெரியாமல் பல காரியம் செய்வார்கள். நல்ல விலை வந்து விற்றிருக்கலாம். வாங்கினவன் யார் என்று தெரிந்த பிறகு பயத்தில் கடல் கதை சொல்லியிருக்கலாம். அப்படியானால் அந்தப் பாவத்தை நீயும் மங்களமும் ஏன் சுமக்க வேண்டும்? பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்துவிடு. அறை இருக்கிறது.

நீ கேட்ட மூலையை நான் கவனிக்கவில்லை.

நடராசா

---

சுண்ணாம்புக் கம்பம்
1915 மே 17

அண்ணாவுக்கு.

மச்சாளின் முழங்காலுக்கு முடக்கத்தான் இலையை வதக்கிக் கட்டச் சொல்லுங்கள். இங்கே யாருக்கும் காய்ச்சல் இல்லை. அதைவிட எழுத நல்ல செய்தியும் இல்லை.

உங்கள் கடிதத்தைக் குசினியில் நின்று வாசித்து, அடுப்பில் போட்டேன். ஆனால் போட்டது போகவில்லை. விற்றிருக்கலாம், விற்றிருக்கலாம் என்று தலைக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை மங்களத்தைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, ஆளோடு ஆளாக வண்டியேறி சாங்கிக்குப் போனேன். இவரை வழக்கமாக ஏற்றுகிற சம்பான்காரனைத் தேடிப் பிடித்தேன். துவக்கு விழுந்ததா என்று கேட்டேன். மாசி மாதம் முழுவதும் இவர் துவக்கே கொண்டு வரவில்லை, பாம்புக்குக் கூடத் தடிதான் வைத்திருந்தார் என்கிறான்.

அப்படியானால் கடல் கதை பொய். என் புருஷன் பொலிசுக்குப் பொய் சொல்லியிருக்கிறார், எனக்கும் மறைத்திருக்கிறார். ஏழு வருஷம் ஒரு பாயில் படுத்த மனிதரைத் தெரியாது என்று நினைக்கும்போது வருகிற பயம் பெரியது. வீட்டுக்கு வந்து நேரே கேட்டேன். யாருக்கு விற்றீர்கள்? மங்களத்தை நினைத்தீர்களா? இவர் சோற்றைப் பிசைந்தபடி இருந்தார். பிறகு சொன்னார்:

"கடலில விழுந்தது விழுந்ததுதான் கமலம். இனி அதைக் கிளறாதை."

அவ்வளவுதான். கை கழுவிவிட்டு எழும்பிப் போய்விட்டார். எனக்கு அழுகையும் வந்தது, அகப்பையால் அடிக்கவும் தோன்றியது. நான் இவரைச் சந்தேகப்படுகிறேன் அண்ணா. உங்களைத் தவிர எனக்கு இதைச் சொல்ல ஆளில்லை.

வருவதா வேண்டாமா என்று யோசிக்கிறேன்.

கமலம்

---

சிரம்பான்
1915 ஜூன் 6

என் கண்ணான மச்சாளுக்குப் பூரணம் எழுதிக்கொள்வது.

முடக்கத்தான் கட்டினேன், வலி பாதி போய்விட்டது, நீங்கள் நூறு வருஷம் இருக்க வேண்டும். மங்களக் குட்டி சாப்பிடுகிறாளா? அன்னம்மாவுக்கு ஆவணியில் முகூர்த்தம் வைத்தாயிற்று. கூறைச் சேலை வாங்கிப் பெட்டியில் வைத்திருக்கிறேன், அரக்குச் சிவப்பு, நீங்கள் வந்துதான் அவளுக்கு உடுத்திவிட வேண்டும்.

இத்துடன் ரயில் பார்சலில் ஒரு தகரம் வருகிறது. உள்ளே மான் வற்றல். உங்கள் அண்ணர் தைப்பூசத்துக்கு உங்களிடம் வந்து போனாரே, அதற்கு அடுத்த கிழமை வந்த மான். நானே மஞ்சளும் உப்பும் போட்டுக் காயவைத்தேன். தங்கச்சி வீட்டுப் பங்கை அனுப்பாமல் நாங்கள் எப்படிச் சாப்பிடுவது? எங்கள் பக்கத்தில் அப்படி வழக்கமே இல்லை. உங்களுக்கு அனுப்ப வேண்டாம் என்று இவர் இரண்டு தரம் சொல்லிவிட்டார். ஏனென்று கேட்டால் எரிந்து விழுகிறார். இப்போது எதற்கெடுத்தாலும் அப்படித்தான், இரவில் எழும்பி எழும்பி இருக்கிறார். அதனால் இவருக்குத் தெரியாமல் அனுப்புகிறேன், காட்டிக் கொடுத்துவிடாதீர்கள்.

வெங்காயம் நிறையப் போட்டு வதக்குங்கள். உங்கள் வீட்டுக்காரருக்குப் பிடிக்கும்.

பூரணம்

---

சுண்ணாம்புக் கம்பம்
1915 ஜூன் 15

அண்ணாவுக்கு.

சுகம். உங்கள் சுகத்தை மச்சாளின் கடிதத்தில் அறிந்துகொண்டேன். நித்திரை குறைவு என்று எழுதியிருக்கிறார். பால் குடித்துவிட்டுப் படுங்கள்.

மச்சாள் அனுப்பிய மான் வற்றல் வந்தது. அவரைக் கோபிக்க வேண்டாம். வழக்கம் தெரிந்த மனிசி.

வதக்கி வைத்தேன். முதல் வாயிலேயே என் பல்லில் ஏதோ கடிபட்டது. துப்பிப் பார்த்தால், துவக்கில் போட்டுச் சுடுகிற ஒரு சிறிய ஈயச் சன்னம். தட்டை இவர் முன்னால் வைத்தேன். சன்னத்தையும் வைத்தேன். மான் சிரம்பானிலிருந்து வந்தது, தைப்பூசத்துக்கு அடுத்த கிழமை விழுந்த மான் என்று சொன்னேன். இவர் அதை விரலால் உருட்டிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சாப்பிடாமல் எழும்பிவிட்டார்.

அந்தச் சன்னத்தை இந்தக் கடிதத்தோடு ஒட்டி அனுப்புகிறேன். உங்கள் வீட்டுச் சாமான் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.

இவருடைய வழக்கு ஆகஸ்ட் பத்தாந் தேதி எடுக்கிறார்கள்.

நான் சிரம்பானுக்கு வரவில்லை.

கமலம்

---

சிரம்பான்
1915 ஜூலை 8

தங்கச்சிக்கு.

எல்லோரும் சுகமே.

நீ அனுப்பிய அற்பப் பொருளைப் பார்த்தேன். அந்த இறைச்சி ஒரு மலாய்க்காரனிடம் விலைக்கு வாங்கியது. பூரணத்துக்கு ஒன்றும் தெரியாது. அவளுக்கு இதைப் பற்றி ஒன்றும் எழுதாதே.

வழக்கைப் பற்றி ஒரு புத்திமதி. உன் புருஷன் கடலில் விழுந்தது என்று ஏற்கனவே வாக்குமூலம் கொடுத்துவிட்டார். இப்போது அதை மாற்றினால் பொய் சொன்ன குற்றமும் சேரும். அதையே பிடித்துக்கொண்டு நிற்பதுதான் எல்லோருக்கும் நல்லது. மிஞ்சினால் அபராதத்தோடு விடுவார்கள்.

தங்கச்சி, கடைசியாக ஒன்று. அப்பா போனபின் உனக்குத் தாயும் தகப்பனும் நான்தான். பெண்பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று அப்பா சொன்னபோது, இவளை மிஷன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பத்தான் வேண்டும் என்று சண்டை பிடித்தவன் நான். அன்னம்மாவின் கலியாணத்துக்கு இன்னும் ஆறு கிழமைதான் இருக்கிறது. உத்தியோகமும் கலியாணமும் ஒரே நூலில் தொங்குகின்றன. அண்ணனின் நிலையையும் நினைத்துப் பார்.

நடராசா

---

சுண்ணாம்புக் கம்பம்
1915 ஜூலை 15

அண்ணாவுக்கு.

சுகம் விசாரித்தெல்லாம் போதும். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று நானே அப்துல் காதரின் மாட்டுக் கொட்டிலுக்குப் போனேன். மூன்று மாதம் அந்த மனிதருக்கு முகம் கொடுக்காதவள், இப்போது போய் நிற்க வெட்கமாகத்தான் இருந்தது. தைப்பூசத்துக்கு மறுநாள் என் அண்ணாவைத் டாங்க் ரோட் ரயில் ஸ்டேஷனுக்கு வண்டியில் கொண்டுபோய் விட்டது நீங்கள்தானே என்று கேட்டேன். அவர் கறவையை நிறுத்திவிட்டு எழும்பினார்.

"சொல்லக் கூடாதுன்னு இருந்தேம்மா. அவங்க கையில சுருட்டுன பாய் ஒண்ணு இருந்துச்சு. வாங்கி வைக்கப் போனேன், இரும்புக் கனம். வேணாம்னு அவங்களே மடியில வச்சுக்கிட்டாங்க. ஓவர்சியர் ஐயாகிட்ட அப்பறமா சொன்னேன். கமலத்துக்குத் தெரிய வேணாம்னுட்டார்."

கொஞ்ச நேரம் அங்கேயே நின்று அழுதேன். அவர் மாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். வரும்போது செம்பில் பால் ஊற்றித் தந்தார்.

வீட்டுக்கு வந்து இவரைக் கேட்டேன். இந்த முறை மறைக்கவில்லை. இரண்டு கிழமையில் திருப்பித் தருகிறேன் என்று சொல்லி வாங்கிக்கொண்டுபோன பாயாம். அதற்குள் ஊர் இப்படி ஆகிவிட்டதாம். பிறகு இவர் சொன்னார்: "பாய் போனால் போகட்டும். உனக்குப் பிறந்த வீடு எண்டு ஒண்டு இருக்க வேணும்." அதோடு விட்டாரா? மங்களத்தைக் கூப்பிட்டு, அவள் தலையில் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கிவிட்டார். ஸ்டேஷனிலோ கோர்ட்டிலோ ஒரு பெயரை என் வாயால் சொல்வதில்லை என்று. வைத்துவிட்டேன். பிள்ளையின் தலையில் வைத்த கையை எடுக்க முடியாது.

இப்படிப்பட்ட மனிதரைத்தான் நான் இரண்டு மாதம் கள்ளனைப் பார்க்கிறது போல் பார்த்தேன். பார்க்க வைத்தது யார் என்று உங்களுக்குத் தெரியும்.

அண்ணா, காலைப் பிடித்துக் கேட்கிறேன். அந்தப் பாயை உங்கள் துரையிடம் கொண்டுபோய் வையுங்கள். விளையாட்டாக வாங்கிவந்தேன், உட்லண்ட்ஸ் தோணித்துறையில் சோதனை என்று பயந்து வைத்திருந்தேன் என்று சொல்லுங்கள். நீங்களாகச் சொன்னால் ஏசுவார்கள், அபராதம் போடுவார்கள். இங்கே இவருக்கு அபராதத்தோடு முடியாது. ஆகஸ்ட் முதலாந் தேதிவரை தபாலைப் பார்த்திருப்பேன்.

கமலம்

---

சிரம்பான்
1915 ஜூலை 23

தங்கச்சிக்கு.

நலம்.

நீ எழுதும் பாயைப் பற்றி எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாட்டுக் கொட்டிலில் கேட்ட கதைகளை நம்பி உடன்பிறப்பை இழந்துவிடாதே. இனி இது பற்றி எழுதினால் கடிதத்தைப் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன்.

நடராசா

---

சிரம்பான்
1915 ஜூலை 27

மச்சாளுக்குப் பூரணம்.

நான் சுகமாயில்லை. உங்கள் கடிதம் இவர் சட்டைப் பையில் இருந்தது, வாசித்துவிட்டேன். பாய் பாய் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு முதலில் விளங்கவில்லை. இவர் வேலைக்குப் போன பிறகு வீடு முழுவதும் தேடினேன்.

இருக்கிறது மச்சாள். சுவாமியறையில், அன்னம்மாவின் கூறைப் பெட்டிக்கு அடியில், பழைய பாயில் சுற்றியபடி. கூறை இருக்கும் பெட்டியை வேறு யாரும் தொடமாட்டார்கள் என்று அங்கே வைத்திருக்கிறார். அதற்கு மேல் தினமும் நான் பூ வைத்திருக்கிறேன்.

கேட்டதற்கு, கலியாணம் முடியட்டும், பிறகு பார்ப்போம் என்கிறார். முகூர்த்தம் ஆவணி ஏழாந் தேதி, உங்கள் வழக்கு அதற்கு முன்னால் என்று சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். தூக்கிக்கொண்டு ஓடிவர எனக்குத் துணிவில்லை. உங்களுக்குச் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. நீங்கள் கெட்டிக்காரி. ஏதாவது செய்யுங்கள். ஒன்றும் செய்யாமலும் இருங்கள். என்ன எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

பூரணம்

---

சுண்ணாம்புக் கம்பம், சிங்கப்பூர்
1915 ஆகஸ்ட் 2

அண்ணாவுக்குத் தங்கச்சி கமலாம்பிகை எழுதுவது.

நான் சுகம். மங்களம் சுகம். நீங்களும் மச்சாளும் அன்னம்மாவும் சின்னவளும் சுகமாக இருக்க வேண்டும் என்று இன்று காலையிலும் கும்பிட்டேன். அது பொய்யல்ல.

நேற்றோடு தவணை முடிந்தது. தபால்காரர் எங்கள் வீட்டைத் தாண்டிப் போனார். இனிப் பாய், சாமான் என்று எழுதப் போவதில்லை. எல்லாவற்றையும் அதனதன் பெயரைச் சொல்லியே எழுதுகிறேன்.

என் புருஷன் பெயர் இராஜரத்தினம். ஏழு வருஷத்தில் ஒரு தரமும் என் வாயில் வராத பெயர். இராஜரத்தினம் தன் துவக்கைக் கடலில் போடவில்லை, விற்கவில்லை, எந்தச் சிப்பாய்க்கும் கொடுக்கவில்லை. தைப்பூசத்துக்கு மறுநாள், சிரம்பான் ரயில்வே ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கும் கிளார்க் நடராசா, என் கூடப்பிறந்த அண்ணன், மான் சுட வேண்டும் என்று அதைக் கேட்டு வாங்கி, பாயில் சுற்றிக் கொண்டுபோனார். மச்சான் கேட்டால் கொடுப்பதுதான் எங்கள் வழக்கம். எங்கள் வீடுகளில் துவக்கும் உரலும் ஒன்றுதான், யார் வீட்டில் தேவையோ அங்கே போகும். கடுதாசி எழுதி, முத்திரை குத்திக் கொடுக்க வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை. குற்றம் என்றால் அது ஒன்றுதான்.

கலகம் வந்த பிறகு நடராசாவுக்குப் பயம் வந்தது. இராஜரத்தினத்துக்கு மச்சானைக் காட்டிக் கொடுக்க மனம் வரவில்லை. ஒருவர் பொய் சொன்னார், மற்றவர் அந்தப் பொய்க்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். துவக்கு இப்போது நடராசாவின் குவார்ட்டர்ஸில், சுவாமியறையில், கூறைப் பெட்டிக்கு அடியில் இருக்கிறது. குழலின் அடியில் இருக்கும் இலக்கமும் இராஜரத்தினத்தின் லைசென்சில் இருக்கும் இலக்கமும் ஒன்றாக இருக்கும். ஒத்துப் பார்க்கலாம். நடராசாவின் மனைவி அதைக் கொண்டுவரவும் இல்லை, மறைக்கவும் இல்லை. அவரை யாரும் ஒன்றும் கேட்க வேண்டியதில்லை. பால்கார அப்துல் காதருக்கும் இதில் ஒரு பங்கும் இல்லை.

அண்ணா, அன்னம்மாவின் கலியாணம் நின்றுபோகும் என்று எனக்குத் தெரியும். அரக்குச் சிவப்புக் கூறை பெட்டியிலேயே கிடக்கும். அவள் என்னைச் சபிப்பாள். மச்சாள் என் முகத்தில் விழிக்கமாட்டார். இதையெல்லாம் இரவு முழுவதும் நினைத்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனாலும் செய்யாத குற்றத்துக்காக என் புருஷனைக் கொண்டுபோய் அடைப்பதைப் பார்த்துக்கொண்டு உங்கள் வீட்டில் கலியாணச் சாப்பாடு சாப்பிட என்னால் முடியாது.

சத்தியத்தை நான் மீறவில்லை. ஸ்டேஷனுக்கு நான் போகவில்லை, உங்கள் பெயரை எந்த அந்நியனிடமும் வாயால் சொல்லவில்லை. வாயால் சொல்ல முடியாததை எழுதினால் குற்றமில்லை என்று அன்று துபாஷி சொன்னார். எழுத வைத்தவர் நீங்கள். அப்பாவோடு சண்டை பிடித்து என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியதற்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

இந்தக் கடிதத்தைப் பிரிக்காமல் திருப்பி அனுப்புவீர்களோ என்னவோ. அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது. உங்களுக்கு முன்னால் இதைப் பிரிப்பவர் பிரித்துவிட்டார்.

இதை இப்போது வாசித்துக்கொண்டிருக்கும் ஐயாவுக்கு: நீங்கள் யாரோ, எந்த ஊரோ, நான் அறியேன். மார்ச் மாதம் முதல் எங்கள் வீட்டுச் சுகதுக்கம் எல்லாம் உங்களுக்குத் தெரியும். தங்களுக்கும் தங்கள் குடும்பத்துக்கும் நல்ல சுகம் உண்டாகட்டும். வழக்கு பத்தாந் தேதி. அதற்குள் இதைக் காட்ட வேண்டியவர்களுக்குக் காட்டிவிடுங்கள். பிறகு ஒட்டும்போது பசையைக் கொஞ்சம் குறையுங்கள். முன்பு இரண்டு வரி கிழிந்துபோயிற்று. இதில் ஒரு வரியும் கிழியாமல் என் அண்ணாவுக்குப் போய்ச் சேர வேண்டும்.

இராஜரத்தினத்தின் மனைவியும், நடராசாவின் தங்கையுமான
கமலாம்பிகை